காது கேட்கும் கருவியில் விசில் எழுந்தால்: அதிர்வெண் நகர்த்தலை அறிந்து சரியாக அமைத்துக்கொள்ளும் முறை

காது கேட்கும் கருவி அணிந்த ஒருவரை யாராவது அணைத்துக்கொள்ளும்போதோ, அவர் தலையணையில் ஒருக்களித்துப் படுக்கும்போதோ கூர்மையான விசில் ஒலி எழுவதைப் பலரும் கேட்டிருப்பார்கள். சில வேளைகளில் அணிந்தவருக்கே அது கேட்காது, அருகில் இருப்பவருக்குத்தான் கேட்கும். அந்த ஒலி பெரும்பாலும் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் எழுகிறது. வயது முதிர்வால் கேட்புத்திறன் குறைபவர்களுக்கு மிகுதியாகக் குறைந்திருப்பதும் உயர் அதிர்வெண் பகுதிதான். விசிலுக்கு வீட்டில் காணும் வழக்கமான தீர்வு, கருவியின் ஒலியளவைக் குறைத்துவிடுவது. அப்படிக் குறைத்தால் விசிலோடு சேர்ந்து ச, ஸ, த, ட போன்ற மெல்லிய மெய்யொலிகளும் போய்விடும். பேச்சு கேட்கும், ஆனால் சொல் பிரிந்து புரியாது. கருவி வாங்கியதன் பயனே அங்கே குறைந்துவிடுகிறது. ஒலியளவைக் குறைக்காமல் விசிலை அடக்க இன்றைய கருவிகளுக்குள் இருக்கும் வழிகளில் ஒன்றுதான் அதிர்வெண் நகர்த்தல். அது எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே உதவுகிறது, எங்கே இடையூறாகிறது, அதை எப்படிச் சோதித்து அமைத்துக்கொள்வது என்பதை இங்கே முறையாக எழுதியிருக்கிறேன்.

விசில் பிறக்கும் வழி

கருவியின் மைக் வெளியொலியை வாங்குகிறது. உள்ளே அது பெருக்கப்படுகிறது. ரிசீவர் எனப்படும் நுண்ணிய ஒலிபெருக்கி அதைக் காதுக்குழாய்க்குள் அனுப்புகிறது. அனுப்பிய ஒலி முழுவதும் செவிப்பறையிலேயே நின்றுவிடுவதில்லை. காதுக்குழாயில் செருகும் மென்மையான சிறு தொப்பியான டோமின் ஓரத்தில் உள்ள இடைவெளி வழியாகவோ, அவரவர் காதின் வடிவத்துக்கு அச்சு எடுத்துச் செய்யும் காதச்சில் காற்றுக்காக இட்ட துளை வழியாகவோ ஒரு பங்கு வெளியே கசிந்து, சில சென்டிமீட்டர் தொலைவில் இருக்கும் அதே மைக்கை மறுபடியும் அடைகிறது. பெருக்கப்பட்ட ஒலி மீண்டும் பெருக்கப்படும் இந்தச் சுற்றையே ஒலிப் பின்னூட்டம் என்கிறோம்.

சுற்று இருந்தாலே விசில் எழுந்துவிடாது. ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஓர் அதிர்வெண்ணில் கருவி 40 டெசிபெல் பெருக்கம் தருகிறது, கசிந்து திரும்பும் ஒலி வழியில் 45 டெசிபெல் இழக்கிறது என்றால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி 5 டெசிபெல் தேய்ந்துகொண்டே போய் அடங்கிவிடும். அதே கசிவு வழியின் இழப்பு 35 டெசிபெலாகக் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் 5 டெசிபெல் கூடும். அப்போது, திரும்பி வரும் அலை புறப்பட்ட அலையோடு ஒத்த கட்டத்தில், அதாவது ஏற்றத்தோடு ஏற்றமும் இறக்கத்தோடு இறக்கமும் பொருந்தும்படி, சேரும் அதிர்வெண்ணில் விசில் நிலைபெற்றுவிடும். பெருக்கம், கட்டப் பொருத்தம் ஆகிய இவ்விரண்டு நிபந்தனைகளையும் அமெரிக்கத் தொலைபேசி ஆய்வுக்கூடமான பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஹாரி நைக்விஸ்ட் 1932-ல் மின்பெருக்கிகளுக்காகக் கணித வடிவில் எழுதினார். காதுக்குள் நிகழ்வதும் அதே கணக்குத்தான். நகர்த்தல் இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான் குலைக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விசிலாக வெடிக்காமல் விளிம்பில் நிற்கும் நிலையும் உண்டு. அப்போது ஒவ்வொரு சொல்லின் முடிவிலும் உலோகத்தைத் தட்டியது போன்ற ஒரு ரீங்காரம் தொடரும். விசில் இல்லை என்பதால் பலர் இதைக் கவனிக்காமலே விட்டுவிடுகிறார்கள். பேச்சின் தெளிவைக் கெடுப்பதில் இது விசிலுக்குக் குறைந்ததன்று.

முதலில் கசிவைத் தேடுங்கள்

மென்பொருளிடம் போவதற்கு முன் காதையும் காதச்சையும் பார்த்தாக வேண்டும். நான் இதை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், கசிவைச் சரிசெய்யாமல் விசிலை மின்னணு முறையில் அடக்கும் கருவியின் பின்னூட்ட அடக்கியை உச்சத்தில் வைத்துவிடுவது எளிதான வேலை என்பதால் பல இடங்களில் அதுவே நடக்கிறது. அதன் விலையை ஒலியின் தரத்தில் கொடுப்பவர் கருவி அணிந்தவர்.

அமைதியான அறையில் கருவியைக் கழற்றி, ஒலியளவை வழக்கமான நிலையில் வைத்து, உள்ளங்கையில் மூடிப் பிடியுங்கள். விசில் எழுந்தால் கருவி உயிரோடு இருக்கிறது என்று பொருள். இப்போது காதச்சில் ஒலி வெளிவரும் துளையையும் காற்றுத் துளையையும் விரல்களால் இறுக அடையுங்கள். விசில் நின்றுவிட்டால் கருவியில் பழுதில்லை. காதுக்கும் காதச்சுக்கும் இடையில்தான் கசிவு இருக்கிறது. நிற்கவில்லை என்றால், காதுக்குப் பின்னால் அணியும் வகையில் காதச்சையும் குழாயையும் கழற்றிவிட்டு, கருவியின் கொக்கி முனையை மட்டும் விரலால் அடைத்துப் பாருங்கள். இப்போது நின்றால் குழாயிலோ அது காதச்சோடு சேரும் இடத்திலோ வெடிப்பு இருக்கிறது. குழாயை மாற்றினால் போதும். அப்போதும் நிற்காவிட்டால் ஒலி கருவியின் உள்ளேயே ரிசீவரிலிருந்து மைக்குக்குத் தாவுகிறது. அது பழுதுபார்ப்பவரிடம் போக வேண்டிய கருவி. எந்த அமைப்பை மாற்றினாலும் சரியாகாது.

கசிவு காதில்தான் என்று உறுதியானால், காதுக்குழாயில் குறும்பி சேர்ந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். குறும்பி அடைத்திருந்தால் உள்ளே போக வேண்டிய ஒலி அதில் மோதி வெளியே திரும்புகிறது. அதை எடுத்த அன்றே விசில் நின்றுபோவது அடிக்கடி நடக்கும் ஒன்று. கொண்டை ஊசி, பஞ்சுக் குச்சி எதையும் உள்ளே விடாதீர்கள். குறும்பி இல்லையென்றால் டோமின் அளவு சிறியதா, காதச்சு தளர்ந்துவிட்டதா, அதைத் திருகி முழுவதும் உள்ளே அமர்த்துகிறீர்களா என்பவற்றைப் பாருங்கள். மெல்லும்போது மட்டும் விசில் வந்தால், தாடை அசைவில் காதுக்குழாயின் வடிவம் மாறி இடைவெளி உண்டாகிறது. அச்சு எடுப்பவரிடம் வாயைத் திறந்த நிலையிலும் ஓர் அச்சு எடுக்கச் சொல்லலாம். காற்றுத் துளையைச் சிறிதாக்குவதும் ஒரு வழி. ஆனால் துளை சிறுத்தால் தன் குரல் பானைக்குள் பேசுவது போல் தமக்கே கனத்துக் கேட்கும். தாழ்ந்த அதிர்வெண்களில் நல்ல கேட்புத்திறன் உள்ளவர்களுக்கு அது பெரும் தொல்லை. விசிலுக்கும் இந்தக் கனத்த குரலுக்கும் இடையே ஓர் அளவைத் தேட வேண்டியிருப்பதால்தான் மின்னணு உதவி தேவைப்படுகிறது.

கழித்தலும் நகர்த்தலும்

இன்றைய கருவிகளில் முதன்மையான உதவி, கழித்தல். ரிசீவர் அனுப்பும் ஒலி கசிந்து மைக்குக்குத் திரும்பும்போது எந்த வடிவில் வரும் என்பதைக் கருவி ஓயாமல் கணித்துக்கொண்டே இருந்து, அந்தக் கணிப்பை மைக் வாங்கிய ஒலியிலிருந்து கழித்துவிடுகிறது. கையைக் காதருகே கொண்டுபோனாலும், தொப்பி அணிந்தாலும் கசிவு வழி மாறுகிறது. கணிப்பும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் இவ்வகை வடிப்பான்கள், 1960-ல் அமெரிக்கப் பொறியாளர்கள் விட்ரோவும் ஹாஃபும் வெளியிட்ட கணக்கிடும் முறையிலிருந்து வளர்ந்தவை.

இந்த முறைக்கு ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. மைக்கில் வந்த ஒலி, சற்று முன் தான் அனுப்பிய ஒலியை ஒத்திருந்தால், வடிப்பான் அதைக் கசிவு என்று முடிவு செய்கிறது. பேச்சு நொடிக்கு நொடி மாறுவதால் பொதுவாகச் சிக்கல் இல்லை. புல்லாங்குழலின் நீண்ட ஒரு சுரம், குக்கரின் விசில், தொலைபேசியின் மணி போன்ற மாறாத ஒலி வெளியிலிருந்து வரும்போது, இந்த நொடி வருவதும் சற்று முன் அனுப்பியதும் ஒன்றுபோலவே இருக்கும். வடிப்பான் ஏமாந்து உண்மையான ஒலியையே கழிக்க முற்படுகிறது. விளைவாக ஒலி நடுங்குகிறது, தேய்கிறது, அல்லது வெளியே ஒலி நின்ற பின்னும் காதுக்குள் அதன் எதிரொலி சற்று நேரம் தங்கிவிடுகிறது.

இங்கேதான் நகர்த்தல் வருகிறது. பெருக்கிய ஒலியை ரிசீவருக்கு அனுப்புமுன் அதன் மேற்பகுதி அதிர்வெண்கள் அனைத்தையும் ஒரு சிறு அளவு, பல கருவிகளில் 10 ஹெர்ட்ஸ் அளவு, கருவி நகர்த்திவிடுகிறது. 2500 ஹெர்ட்ஸில் உள்ளே வந்த ஒலி 2510 ஆக வெளியேறுகிறது. இனி மைக்கில் 2500 வந்தால் அது வெளியொலி. 2510 வந்தால் அது கசிவு. தான் அனுப்பியதன் மீது கருவி ஓர் அடையாளக் குறி இட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். வெளியொலிக்கும் தன் ஒலிக்கும் இடையே இருந்த ஒற்றுமை குலைவதால் வடிப்பானின் கணிப்பு மிகவும் துல்லியமாகிறது. விசில் இல்லாமல் கூடுதலாகச் சில டெசிபெல் பெருக்கம் தர முடிகிறது. அதோடு, ஒவ்வொரு சுற்றிலும் அதிர்வெண் மாறிக்கொண்டே போவதால் திரும்பி வரும் அலை ஒரே கட்டத்தில் சேர முடியாமல் நழுவுகிறது. ஓர் இடத்தில் விசில் நிலைகொள்ள இயலாது.

இந்த எண்ணம் காதுக்காகத் தோன்றியதன்று. பெல் ஆய்வகத்தில் இருந்த ஜெர்மானிய இயற்பியலர் மன்ஃப்ரெட் ஷ்ரோடர், அரங்குகளின் ஒலிபெருக்கிகள் ஊளையிடுவதைத் தடுக்க 5 ஹெர்ட்ஸ் அளவுக்கு ஒலியை நகர்த்தும் முறையை 1964-ல் ஓர் ஆய்வுக்கட்டுரையில் விளக்கினார். ஒரு பெரிய அரங்கில் எதிரொலிகளின் குறுக்கீட்டால் சில ஹெர்ட்ஸ் இடைவெளியிலேயே ஒலி ஓங்கும் அதிர்வெண்ணும் அடங்கும் அதிர்வெண்ணும் அடுத்தடுத்து நெருக்கமாக நிற்கும். 5 ஹெர்ட்ஸ் நகர்ந்தாலே மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கிவிடலாம். காதுக்கும் மைக்குக்கும் இடைப்பட்ட வழி சில சென்டிமீட்டர்தான் என்பதால் அதன் மேடுபள்ளங்கள் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸ் அகலம் கொண்டவை. 10 ஹெர்ட்ஸ் நகர்வு அங்கே ஒரு மேட்டைத் தாண்டப் போதாது. எனவே கருவியில் நகர்த்தல் தனியாகச் செய்யும் நன்மை சிறிது. கழித்தலுக்குத் துணை நிற்பதில்தான் அதன் பெரும்பயன் இருக்கிறது. கழித்தல் இல்லாமல் நகர்த்தலை மட்டும் நம்பி, கசிவு மிகுந்த காதச்சோடு பெருக்கத்தைக் கூட்டினால், ஒரே சுருதியில் நிற்கும் விசிலுக்குப் பதிலாகக் குருவி கீச்சிடுவது போல் மேலேறி மறையும் ஒலிகள் கேட்கும். அத்தகைய ஒலி கேட்டால் நகர்த்தலும் தோற்கும் அளவுக்குக் கசிவு இருக்கிறது என்று அறிந்துகொள்ளுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் இங்கே நீக்கிவிட வேண்டும். உயர் அதிர்வெண்கள் அறவே கேட்காதவர்களுக்காக, அந்த ஒலிகளை ஆயிரக்கணக்கான ஹெர்ட்ஸ் கீழே கொண்டுவந்து கேட்கும் பகுதியில் வைக்கும் வேறொரு வசதியும் கருவிகளில் உண்டு. அதுவும் அதிர்வெண் மாற்றம் என்றே பேசப்படுகிறது. அதன் நோக்கம் கேட்கவைப்பது. இதன் நோக்கம் விசிலை அடக்குவது. அதை அணைத்தால் ஸ, ஷ போன்ற ஒலிகளை இழக்கலாம். இதை அணைத்தால் விசில் வரலாம். செவித்திறன் வல்லுநரிடம் பேசும்போது எதைச் சொல்கிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

வல்லுநரிடம் செய்துகொள்ள வேண்டியவை

கருவியைக் கணினியோடு இணைத்ததும், பின்னூட்ட அளவீட்டை உங்கள் காதிலேயே, உங்கள் காதச்சோடு செய்யும்படி கேளுங்கள். கருவி சில நொடிகள் இரைச்சலை எழுப்பி, கசிவு எவ்வளவு என்பதை அதிர்வெண் வாரியாக அளந்து, எந்த இடத்தில் எவ்வளவு பெருக்கம் வரை தாங்கும் என்று வரைபடமாகக் காட்டும். அப்போது பேசாமல், தாடையை அசைக்காமல் இருங்கள். காதச்சையோ டோமையோ மாற்றினால் இந்த அளவீட்டை மறுபடியும் செய்ய வேண்டும். பழைய அளவை வைத்துக்கொண்டு புதிய காதச்சை அணிவது, வேறொருவர் சட்டைக்கு எடுத்த அளவில் நமக்குத் தைப்பதற்குச் சமம்.

வரைபடத்தில் உங்களுக்குத் தேவையான பெருக்கம் தாங்கும் எல்லையைவிடக் கீழே இருந்தால், அடக்கியை மென்மையான நிலையில் வைத்தாலே போதும். எல்லையைச் சற்றே தாண்டினால் நகர்த்தலோடு கூடிய முழு அடக்கி பொருந்தும். வெகுவாகத் தாண்டினால் காதச்சை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். சில மென்பொருள்கள் இத்தகைய நிலையில் உயர் அதிர்வெண் பெருக்கத்தைத் தாமாகவே வெட்டிவிடும். விசில் இருக்காது, சொல்லும் தெளியாது. அதனால், அளவீட்டுக்குப் பின் 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை பெருக்கம் எவ்வளவு குறைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டறிவது உங்கள் உரிமை.

நகர்த்தலை நிறுவனங்கள் வெவ்வேறு பெயர்களில் பின்னூட்ட மேலாண்மைக்குள் அடக்கி வைத்திருக்கின்றன. தனியே ஒரு பொத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நிரல் என்பது பேச்சு, இசை என ஒவ்வொரு சூழலுக்கும் கருவியில் சேமித்து வைக்கும் அமைப்பு. ‘இந்தக் கருவியின் பின்னூட்ட அடக்கி அதிர்வெண்ணை நகர்த்துகிறதா, எத்தனை ஹெர்ட்ஸ், எந்த அதிர்வெண்ணுக்கு மேல், நிரலுக்கு நிரல் தனித்தனியே அணைக்க முடியுமா’ என்று நான்கு கேள்விகளாகக் கேட்டால் பயனுள்ள விடை கிடைக்கும்.

வீட்டில் ஒரு சோதனை

திறந்த டோம் அணிபவர்கள் நகர்த்தல் இயங்குகிறதா என்பதைத் தாமே கண்டுபிடிக்கலாம். கைபேசியில் ஒற்றை அதிர்வெண் ஒலியை எழுப்பும் செயலியை நிறுவி 2500 ஹெர்ட்ஸில், மெல்லிய ஒலியளவில், கை நீட்டும் தொலைவில் வைத்து, ஒரு காதில் மட்டும் கருவி அணிந்து அரை நிமிடம் கேளுங்கள். டோமின் இடைவெளி வழியே நேராக வரும் 2500 ஹெர்ட்ஸ் ஒலியும் கருவி தரும் 2510 ஹெர்ட்ஸ் ஒலியும் செவிப்பறையில் கலந்து, நொடிக்கு 10 முறை ஏறி இறங்கும் சீரான துடிப்பாகக் கேட்கும். முதல் கணத்திலிருந்தே அத்துடிப்பு இருந்தால் அது நகர்த்தல். முதலில் நேராக ஒலித்து, சில நொடிகள் கழித்து ஒழுங்கின்றி நடுங்கினால் அது வடிப்பான் ஏமாந்ததன் அடையாளம். மெதுவாகத் தேய்ந்து போனால் இரைச்சல் குறைப்பு அதை இரைச்சல் என்று எண்ணி அடக்குகிறது என்று கொள்ளலாம். காதை முழுவதும் அடைக்கும் காதச்சு அணிபவர்களுக்கும், அந்த அதிர்வெண்ணில் கருவியின்றி எதுவும் கேட்காதவர்களுக்கும் நேரொலி சேராது என்பதால் இச்சோதனை பயன் தராது.

சுருதி கலங்கும் இடம்

என் தாயார் வாழ்நாள் முழுவதும் கர்நாடக இசை கேட்டவர். கருவி பொருத்திய முதல் வாரத்தில் அவர் சொன்ன குறை பேச்சைப் பற்றியதன்று. ‘தம்பூரா தண்ணீருக்குள் இருந்து கேட்கிறது’ என்றார். கருவி புதிது, பழகிவிடும் என்று பொருத்தியவர் சொன்னார். பழகவில்லை. அவர் கேட்டதில் பிழையும் இல்லை.

இசைச்சுரம் என்பது அடிப்படை அதிர்வெண்ணும் அதன் முழு மடங்குகளும் சேர்ந்தது. 200 ஹெர்ட்ஸ் ஆதார சட்ஜம் என்றால் 400, 600 என்று தொடங்கி 1600, 1800, 2000 வரையும் அதற்கு மேலும் இழைகள் செல்லும். தம்பூராவின் கம்பிக்கு அடியில் வைக்கும் நூலான ஜீவாளி இந்த மேல் இழைகளைத்தான் ஒளிர வைக்கிறது. ஒலிநாடாவை வேகமாக ஓட்டினால் எல்லா இழைகளும் ஒரே விகிதத்தில் உயரும். சுருதி மாறும், உறவு மாறாது. நகர்த்தல் அப்படிச் செய்வதில்லை. ஒவ்வொன்றோடும் அதே 10 ஹெர்ட்ஸைக் கூட்டுகிறது. 1500-க்கு மேல் மட்டும் நகர்த்தும் கருவியில் 1600, 1800, 2000 ஆகியவை 1610, 1810, 2010 ஆகின்றன. அவை இனி 200-இன் மடங்குகள் அல்ல. திறந்த டோம் வழியே 1600 நேராகவும் வருவதால், மேலே சொன்ன துடிப்பு ஒவ்வோர் இழையிலும் எழுகிறது. பேச்சு கேட்பவருக்கு 3000 ஹெர்ட்ஸில் 10 ஹெர்ட்ஸ் என்பது அரைச்சுரத்தில் பதினாறில் ஒரு பங்கைவிடச் சற்றே குறைவு, பெரும்பாலோர் உணரமாட்டார்கள். அதே 10 ஹெர்ட்ஸ் 440-இல் அரைச்சுரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு, எவருக்கும் உறுத்தும். கீழ்ப்பகுதியைத் தொடாமல் மேற்பகுதியை மட்டும் நகர்த்துவதற்கு இதுவே காரணம். இடைவிடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கும் தம்பூரா, வடிப்பானை ஏமாற்றும் ஒலியும் கூட என்பதால் அதைக் கேட்பவருக்கு இரண்டு தொல்லையும் சேர்ந்து வருகின்றன.

இதற்கு இசைக்கென்று தனி நிரல் ஒன்றை அமைக்கச் சொல்லுங்கள். அதில் நகர்த்தலை அணைக்க வேண்டும். கழித்தலை மெதுவாகத் தன்னைத் திருத்திக்கொள்ளும் நிலையில் வைக்க வேண்டும், அல்லது அளவீட்டு வரைபடம் இடம் கொடுத்தால் அதையும் அணைக்கலாம். அடக்கி போனதும் விசில் வராதிருக்க, வரைபடத்தில் எல்லையைத் தொடும் அதிர்வெண்களில் மட்டும் பெருக்கத்தை 3 முதல் 6 டெசிபெல் வரை குறைப்பது போதுமாகலாம். கச்சேரியின் ஒலி உரையாடலைவிட உரத்தது என்பதால் இந்த இழப்பு பெரிதாகத் தெரியாது. இரைச்சல் குறைப்பையும் திசை நோக்கும் மைக்கையும் இந்த நிரலில் நிறுத்திவிடுங்கள். என் தாயாருக்கு இந்த மாற்றங்களைச் செய்ய வேறொரு வல்லுநருக்கு அரை மணி நேரம் ஆயிற்று. அன்று மாலையே அவர் தம்பூரா ஒலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வானொலியோ பதிவோ கேட்பதானால் கைபேசியிலிருந்து புளூடூத் வழியே கருவிக்கு நேராக அனுப்பி, கருவியின் மைக்கை அணைத்துவிடுவது நல்லது. மைக் இல்லையேல் சுற்று இல்லை. சுற்று இல்லையேல் அடக்கிக்கும் நகர்த்தலுக்கும் வேலை இல்லை. பாடுபவர்களும் வாத்தியம் வாசிப்பவர்களும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: தம் சுருதியைத் தாமே சரிபார்க்க வேண்டியவர்கள் அவர்கள் என்பதால், காதை நன்கு அடைக்கும் காதச்சோடு நகர்த்தல் இல்லாத நிரலில்தான் பயிற்சி செய்ய வேண்டும்.

குழந்தைகளுக்குக் கருவி பொருத்தியிருந்தால் மேற்சொன்ன எல்லாவற்றிலும் காதச்சே முதலிடம் பெறுகிறது. குழந்தையின் காது வளர்வதால் முதலாண்டில் அடிக்கடி புதிய அச்சு எடுக்க நேரும். நேற்று வரை இல்லாத விசில் இன்று கேட்டால், காது வளர்ந்துவிட்டது என்று கொண்டு அச்சுக்கு நாள் வாங்குங்கள். அதுவரை பெருக்கத்தைக் குறைக்காமல், முழு அடக்கியை நகர்த்தலோடு இயக்கி வைக்கலாம். சொல் கற்கும் வயதில் உயர் அதிர்வெண் ஒலியை ஒரு வாரம்கூட இழக்கவிடக் கூடாது. புதிய காதச்சு வந்ததும் பின்னூட்ட அளவீட்டை மறுபடி செய்து, அடக்கியைப் பழைய மென்மையான நிலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.